குப்பிகளில் வந்த பாலைவனம்

மரப்பெட்டியைத் தூக்கும்போதே உள்ளே கண்ணாடிக் குப்பிகள் ஒன்றோடொன்று உரசி மெல்லச் சிணுங்கும். தேள்களை இனம் பிரிக்கிறவர்களுக்கு வேலை அந்தச் சத்தத்தோடுதான் தொடங்கும். யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படித்து, அகதியாக டென்மார்க் வந்தவள் நான். ஹோர்சன்ஸிலிருந்து தினமும் ரயிலேறி, ஓர் அருங்காட்சியகத்தின் நிலவறைக்குப் போவேன். அங்கே என் மேலாளரான ஆய்வாளர் இங்கர் நமீபியாவின் மணலில் திரிந்து சேகரித்து வரும் தேள்களும் சிலந்திகளும் கெடாமலிருக்க மதுசாரத்தில் மிதந்தன. வெளியே மழை பெய்துகொண்டே இருக்கும்.

என் கணவர் கொழும்பில் இருந்தார். அவரை டென்மார்க்குக் கூப்பிட விண்ணப்பம் போட்டு இரண்டு வருடமாகியும் பதில் இல்லை. அந்த வருடங்களில் தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

இடுக்கியும் வாலும்

தேளின் முன்பக்க இடுக்கி மெலிந்து வால் தடித்திருந்தால் விஷம் அதிகம். இடுக்கி பருத்து வால் மெலிந்திருந்தால் பெரும்பாலும் பயமில்லை. பக்கத்து வீட்டு மேரி அக்காவுக்கு இதை ஆசையாக விளக்கினேன். இறைச்சித் தொழிற்சாலையில் நின்று களைத்து வந்தவ, கால்களை நீட்டிக்கொண்டு கேட்டா.

"ஊரிலை செருப்பாலை அடிச்சுப்போட்டுப் போற சாமான், பிள்ளை. இஞ்சை அதுக்கும் கோப்பு வைச்சிருக்கிறாங்கள். உன்ரை மனிசன்ரை கோப்பைத்தான் ஒருத்தரும் திறக்கிறேல்லை."

பேனா

உயிரினம் பிடிபட்ட இடத்தைக் காகிதத் துண்டில் பென்சிலால் எழுதி, அதைக் குப்பிக்குள்ளேயே போட வேண்டும். எழுத்து அழகாக இருக்கட்டும் என்று ஒருநாள் பேனாவால் எழுதிவிட்டேன். திங்கட்கிழமை வந்து பார்த்தால் மதுசாரம் நீலமாயிருந்தது, துண்டுகள் வெறுமையாயிருந்தன. இருபது சிலந்திகள் எந்த மணற்குன்றைச் சேர்ந்தவை என்று இனி எவருக்கும் தெரியாது. வேலை போனால் கணவர் இங்கே வரும் அனுமதியும் கிடைக்காமல் போய்விடும் என்று பயந்தேன். இங்கர் ஏசவில்லை. பென்சில் ஒன்றைச் சீவி என் கையில் தந்தா.

"என்ன சிலந்தி என்பதை நூறு வருடம் கழித்தும் கண்டுபிடிக்கலாம். எங்கிருந்து வந்தது என்பதை அது சொல்லாது."

ஊதா விளக்கு

புற ஊதாக்கதிர் விளக்கைப் பிடித்தால் தேள் பச்சையாய் ஒளிரும். பாலையில் இங்கர் அவற்றைத் தேடுவதும் அப்படித்தான். செத்து, குப்பியில் வருடக்கணக்காய்க் கிடந்தவையும் ஒளிர்ந்தன. இருட்டறையில் தட்டுத் தட்டாக அவற்றைப் பார்த்துக்கொண்டு, காலில் மணல் சுடுவதாக நினைத்துக்கொண்டு நிற்பேன். ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில் கணவருக்கும் சொன்னேன். அவர் இடைமறித்தார்.

"அது கிடந்து மின்னட்டும், இஞ்சரும். என்னாலை இனிக் காத்திருக்கேலாது. கனடாவுக்குப் போறன்."

அவர் டென்மார்க் வரலாம் என்ற கடிதம் ஒருவழியாக வந்து சேர்ந்தபோது, அவர் டொரொண்டோவில் வேறு கலியாணம் முடித்து ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பனாகியிருந்தார்.