தோணி ஏறுமுன் ஒரு வார்த்தை

தூத்துக்குடி பழைய துறைமுக வாசலில், டீக்கடைக்கு முன்னால் உசேன் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடக்கிறார், திரும்புகிறார், மறுபடி நடக்கிறார். லட்சத்தீவின் மினிக்காய்த் தீவுக்காரர், கொழும்புக்கு வெங்காயம் ஏற்றும் தோணியில் சமையல்காரர். சுமை ஏற்றுபவர்களிடம் தமிழில் கத்துகிறார், இஞ்சின் டிரைவருக்கு இந்தியில் பதில் சொல்கிறார். போனில் மட்டும் அவருடைய தீவின் மஹல் மொழி.

அந்தப் பக்கம் கோழிக்கோட்டு விடுதியில் தங்கிப் படிக்கும் மகள். சட்டென்று இணைப்பு அறுந்துவிடுகிறது.

"என்ன பாய், மக என்ன சொல்லுதா?" என்று கேட்கிறார் கடைக்கார அண்ணாச்சி.

"மலையாளத்துல பேசச் சொல்லுதா. நம்ம பேச்சைக் கேட்டா கூட இருக்குற பிள்ளைங்க சிரிக்குதாம்."

"அவளுக்கு உங்க மொழி தெரியாதா?" என்கிறேன், கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நான்.

"நல்லாத் தெரியும் சார். தோணியில அது பேச ஆளே கிடையாது. அதான் போறதுக்கு முன்னாடி அவ வாயால ஒரு வார்த்தை கேக்கணும்னு பாக்கேன்."

தோணியிலிருந்து அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். வடத்தை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார்கள். அவருடைய டீ அப்படியே ஆறிக் கிடக்கிறது. உசேன் மறுபடி எண்ணை அழுத்துகிறார். மணி அடிக்கிறது, அடித்துக்கொண்டே இருக்கிறது. கடைசியில் மகள் எடுக்கிறாள்.

தோணியை நோக்கி ஓடிக்கொண்டே, மூச்சிரைக்க, அவர் மலையாளத்தில் பேசத் தொடங்குகிறார்.