கோழிக்கடையில் என் பிறபொருளெதிரி

உடம்பின் உயிர்க்கலம் ஒன்று இரண்டாகப் பிரியவேண்டுமென்றால் அதை முடுக்கிவிட ஒரு புரதம் வேண்டும். கைனேஸ் என்பார்கள். அதைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டு, இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் பிறபொருளெதிரியை, அதாவது ஆன்டிபாடியை, சுண்டுவிரல் அளவு குப்பியில், ஐஸ் பெட்டிக்குள் வைத்து, கொழும்பிலிருந்து ரயிலில் கொண்டுவந்துகொண்டிருந்தேன். ஆய்வுகூடம் பதுளைப் பக்கம். மாதக்கணக்கில் காத்திருந்து வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. கெட்டால் என் ஆய்வும் அதோடு சரி.

ஹட்டனில் ரயில் நின்றுவிட்டது. நானுஓயாவுக்கு இந்தப் பக்கம் மண்மேடு சரிந்து பாதை மூடிவிட்டதாம். எங்கள் தேயிலைத் தோட்டம் பக்கத்தில்தான், ஆனால் தொழிலாளர் லயத்து வீட்டில் ஃப்ரிட்ஜ் ஏது? தோட்டத்துச் சந்தியில் பலசரக்கும் கோழியும் விற்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவரின் கடைக்கு ஓடினேன். கோயிலில் காப்புக் கட்டியிருந்தார்கள். திருவிழா முடியும்வரை தோட்டத்தில் யாரும் கவிச்சி தொடமாட்டார்கள். நானாவும் வழக்கம்போல ஃப்ரீசரைக் காலி செய்து, கழுவி, திறந்து காயப்போட்டிருந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். “இவ்வளவுதானா மகள்?” என்று பிளக்கைச் சொருகினார்.

வந்தது வம்பு. “என்ன நானா, காப்புக் கட்டியிருக்கு, உள்ள கோழிய ஒளிச்சு வச்சிருக்கீங்களா?” என்று ஆளாளுக்குக் கேட்க, மனுஷன் ஒவ்வொருவருக்கும் மூடியைத் திறந்து காட்டியிருக்கிறார். மறுநாள் நான் போனபோதும் திறந்துகொண்டு நின்றார். “பாருங்க, நம்ம தோட்டத்துப் பிள்ளைட மருந்து!”

“ஐயோ நானா, சும்மா சும்மா தொறக்காதீங்க! குளிரெல்லாம் போயிரும்!” என்று கத்தியேவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. “நேத்துல இருந்து பார்க்கிறேன் மகள், தண்ணியாவே இருக்கு. உறையவே இல்ல. உங்கட படிப்ப நான் கெடுத்துட்டேனே.”

“கெடல நானா. கிளிசரின் கலந்திருக்காங்க, அது உறையாது. குளிரா இருந்தாப் போதும்.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்று ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து மூடிமேல் ஓர் அரிசி மூட்டையைத் தூக்கி வைத்தார். “இனி யாரு தொறக்கிறான்னு பார்ப்போம்.”

ரயில் ஓடத் தொடங்கியதும் புது ஐஸோடு குப்பியைக் கொடுத்து என்னை வழியனுப்பினார். மருந்து நல்லபடியாக இருந்தால் பரிசோதனையின் எக்ஸ்ரே ஃபிலிமில் கறுப்பாக ஒரு கோடு விழும் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். பரிசோதனை செய்துபார்க்க நாளாகிவிட்டது. அதற்குள் திருவிழாவும் முடிந்து, மஞ்சள் நீராட்டும் முடிந்திருந்தது. கோடு விழுந்ததும் முதலில் அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை, நானாவுக்குத்தான் அழைத்தேன்.

“விழுந்துருச்சு நானா!”

“விழுந்துருச்சாம்!” என்று கடைக்குள் கத்தினார். யார் யாரோ கைதட்டுவது போனில் கேட்டது.

“அப்ப மகள், இனி ஃப்ரீசருல கோழி போடலாந்தானே?”

“என்ன நானா, இன்னுமா போடல? திருவிழாதான் முடிஞ்சிருச்சே!”

“கோடு விழல்லன்னா நீங்க இன்னொண்டு கொண்டு வருவீங்கதானே. அதான் காலியா வச்சிருந்தேன்.”