தேருக்காக அணைத்த பெட்டி

தேரன்று மத்தியானம் மாட வீதி லாட்ஜிலிருந்து போன் வந்தது. கவுண்டரில் இருக்கும் அக்கா பேசினார்.

"தம்பி, கம்ப்யூட்டர் சர்வர் எழுந்திருக்க மாட்டேங்குது. முதலாளி பழைய ரூம் நோட்டைத் தேடிட்டு இருக்காரு. சீக்கிரம் வாங்க."

டிகிரி முடித்த கையோடு ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குச் சேர்ந்திருந்த சமயம். டேட்டாபேஸ் பற்றிப் படித்தது ஜாஸ்தி, தொட்டது கம்மி. ஆனாலும் எங்கேயாவது ஏதாவது ஓடவில்லை என்றால் போதும், செருப்பைச் சரியாக மாட்டாமலே கிளம்பிவிடுவேன். வடம் பிடித்த கூட்டம் இன்னும் கலையவில்லை. பாதி தூரம் சைக்கிளைத் தூக்கிக்கொண்டுதான் போனேன்.

லாட்ஜுக்குக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று விடாமல் சொல்லி வாங்க வைத்தவர் அந்த அக்காதான். கார்த்திகை தீபத்துக்கு யாருக்கு எந்த ரூம் என்பதெல்லாம் அதற்குள் இருந்தது. வேறெங்கும் இல்லை.

"நாளைக்குக் காலைல ஜனம் வந்து இறங்கும்" என்றார் முதலாளி, என்னைப் பார்த்து. "அப்ப இது ஓடலன்னா பெட்டியும் வேணாம், பெட்டிக்கு ஒரு ஆளும் வேணாம்." அக்கா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. டேட்டாபேஸைத் திறக்க முடியவில்லை என்று மட்டும் திரையில் ஒரு வரி.

"எத்தனை வாட்டி ஆஃப் பண்ணிப் போட்டீங்க?"

"வந்தவங்க போனவங்க எல்லாம் போட்டாச்சு தம்பி. பக்கத்து மெடிக்கல்காரர்கூட ஒரு வாட்டி போட்டுப் பார்த்தாரு."

நானும் ஒரு வாட்டி போட்டுப் பார்த்தேன். அதே வரி. பிறகுதான் சர்வர் தானாக எழுதிவைக்கும் லாகைத் திறந்தேன். மீட்பு தொடங்கியது, பத்து சதவீதம், இருபது சதவீதம், அதோடு நின்றிருந்தது. மறுபடி முதலிலிருந்து பத்து, இருபது. கீழே கீழே அதேதான். சர்வர் கெட்டுப்போகவில்லை. பாதியில் அறுந்த ஏதோ ஒரு வேலையைப் பின்னோக்கிச் சரிசெய்துகொண்டிருந்தது. அது முடியும்வரை யாரையும் உள்ளே விடாது. முடிவதற்குள் நாங்கள் ஒவ்வொருவராக வந்து அணைத்திருக்கிறோம்.

"என்ன வேலை ஓடிட்டு இருந்துச்சுக்கா?"

"பழைய வருஷத்து புக்கிங்கை எல்லாம் தனியா மாத்திட்டு இருந்தேன். தேர் வர்ற நேரம் கவுண்டர்ல யாரும் இருக்க மாட்டாங்க இல்ல? கரண்ட் காலையிலேயே போயிடும், ஜெனரேட்டர் ஓடும். தேர் வாசலுக்கு வந்தா அதையும் நிறுத்திடுவாங்க. அந்தக் கொஞ்ச நேரம் யூபிஎஸ் தாங்கும்னு நெனச்சேன்."

யாரும் அணைக்காமல் இருந்திருந்தால் தாங்கியிருக்கும். நான் முதலாளியைப் பார்த்தேன்.

"சாமி வாசல்ல வந்து நிக்குது. உள்ள இந்த யூபிஎஸ் கீ கீன்னு கத்துது. நிம்மதியா கும்பிட முடியல. போய் சுவிட்சை அணைச்சுட்டு வந்தேன். தப்பா?"

தப்பு என்று அந்தத் தெருவில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

"இனிமே யாரும் தொடாதீங்க. அதுவே முடிச்சுக்கும்" என்றேன்.

"எவ்வளவு நேரம்?"

"தெரியாதுங்க."

"அப்ப உனக்குத் தெரியாதுன்னு சொல்லு."

"அதைத்தாங்க சொன்னேன்."

செய்ய ஒன்றுமில்லை என்பதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. லாகை மூடினேன், திறந்தேன். முப்பதைத் தாண்டியதும் எண் நகரவில்லை. கை பவர் பட்டன் பக்கமே போனது. அக்கா நாற்காலியை இழுத்து, பட்டனை மறைத்த மாதிரி உட்கார்ந்துகொண்டார். கீபோர்டு அவர் மடியில்.

"ஏம்மா, ஒரே ஒரு வாட்டி அணைச்சுப் போடலாமா?" என்றார் முதலாளி.

"வேணாங்க."

"நீங்களுந்தான் தொடக் கூடாது தம்பி" என்றார் அக்கா என்னிடம். ரூம் கேட்டு வந்தவர்களிடம் "கம்ப்யூட்டர் வேலையா இருக்கு, உக்காருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஹார்ட் டிஸ்க் விளக்கு மட்டும் விடாமல் மினுக்கிக்கொண்டிருந்தது. அதை நம்பித்தான் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம்.

கோபுரத்தில் விளக்கு போடும் நேரத்துக்கு ரூம் பட்டியல் திரையில் வந்தது. யாரும் கைதட்டவில்லை. முதலாளி குனிந்து பார்த்தார்.

"வேலூர் மச்சானுக்குப் போட்ட ரூம் இருக்கா?"

"இருக்குங்க. ஏசி இல்லாதது."

"அவனுக்கு அதுவே ஜாஸ்தி." பழைய நோட்டைத் தூக்கிப் பரண் மேல் போட்டார். அக்காவின் வேலையைப் பற்றி அதற்கு மேல் பேச்சில்லை.

கிளம்பும்போது அக்கா மெதுவாகக் கேட்டார். "தம்பி, அந்தச் சத்தத்தை மட்டும் எடுக்க முடியுமா?"

"எடுக்கலாம். ஆனா சார்ஜ் தீரும்போது தெரியாது."

"தெரிஞ்சு என்ன ஆச்சு?"

யூபிஎஸ்ஸைப் பிரித்து, கத்துகிற சின்னக் கருப்பு வில்லையை எடுத்துவிட்டேன்.

மறு வருஷம் தேரன்று அந்த வாசலில்தான் நின்றேன். ஜெனரேட்டர் நின்றது. உள்ளே திரை எரிந்துகொண்டிருந்தது, சத்தமில்லை. தேர் அசைந்து நகர்ந்ததும் முதலாளி கூப்பிய கையை இறக்காமலே அக்கா பக்கம் திரும்பினார்.

"எதாவது ஓட விட்டிருக்கியாம்மா?"

"இல்லைங்க" என்றார் அக்கா.