மாடிப்படிக்குக் கீழே ஓடிய கணினி

ருசே நகரில், தான்யூப் ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் நிறுவனம் செர்ரியையும் ராஸ்பெரியையும் உறையவைத்து விற்கிறது. அதன் கணினிகளை வெகுகாலமாகக் கட்டி மேய்த்தவள் ஸ்டானிமிரா. நான் அங்கே கணக்கு எழுதுகிறவள். அவளோடு சண்டை போடாத வாரம் எனக்கு நினைவில்லை, அவ்வளவு கறார்க்காரி. ஆனால் அவள் வேலையில் குறை கண்டுபிடிக்க அதுவரை யாருக்கும் வாய்த்ததில்லை.

போன வருடம் எங்கள் முதலாளி மெத்தோதி, எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்ற முடிவெடுத்தார். சொந்தக் கணினிகளை மூட்டை கட்டிவிட்டு, எங்கோ இருக்கும் பெரிய நிறுவனத்தின் கணினிகளில் வாடகைக்குக் குடியேறுவது. எது போகும், எது இங்கேயே நிற்கும், எதைத் தூக்கிப் போடுவது என்று திட்டமிடும் பொறுப்பு ஸ்டானிமிராவுடையது.

மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய கணினி ஓடிக்கொண்டிருந்தது. எதற்கென்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. பொருத்தியவர் இறந்துபோயிருந்தார். இப்படிக் கேட்பாரற்ற இயந்திரத்துக்கு அவள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்புவார்கள். பதில் வராவிட்டால் அணைத்துவிட்டு, யார் கத்துகிறார்கள் என்று காத்திருப்பார்கள். ஸ்டானிமிராவும் அப்படியே செய்தாள்.

"யாராவது கத்தினா?" என்று கேட்டேன்.

"திரும்பப் போட்டுடுவேன். உன்னோடதா இருந்தா இந்நேரம் ஊரே கூடியிருக்கும்" என்றாள்.

யாரும் கத்தவில்லை. ஒரு மாதம் பொறுத்து, அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டாள்.

குளிர் அறைகளில் குளிரூட்டும் நச்சு வாயுவான அம்மோனியா கசிந்தால் மணியடிப்பதுதான் அந்தக் கணினியின் வேலை. கசியாதவரை அது வாயே திறக்காது. அதனால் அது போனதும் தெரியவில்லை. ஏப்ரலில் ஒரு காலை அம்மோனியாக் குழாய் விரிசல் விட்டது. மணி அடிக்கவில்லை. உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த லூபெனை இழுத்து வெளியே போட்டபோது அவனுக்கு நினைவு தப்பியிருந்தது.

மெத்தோதி அவளைத் தனியே கூப்பிட்டார். கதவு திறந்திருந்தது, நான் வெட்கமில்லாமல் ஒட்டுக் கேட்டேன்.

"பழைய மெஷின், தானா செத்துப்போச்சுன்னு சொல்லிடலாம் ஸ்டானி. யாரு கேக்கப்போறா?"

"நான்தான் அணைச்சேன். விசாரிக்க வர்றவங்ககிட்டயும் அதையேதான் சொல்வேன்."

"வேலை போயிடும்மா."

"போகட்டும். அவன் பிழைக்கணும்."

அவளைப் போய் இத்தனை காலம் கரித்துக்கொட்டினோமே என்று என்னையே நொந்துகொண்டேன்.

லூபென் பிழைத்தான். நுரையீரல்தான் பழையபடி ஆகாது என்றார்கள். அவன் பேசத் தொடங்கியதும் மருத்துவமனைக்குப் போனோம். ஸ்டானிமிரா உட்காராமலே சொன்னாள்.

"நான்தான்டா அதை அணைச்சேன். எல்லாருக்கும் மெயில் போட்டேன். யாருமே பதில் சொல்லல."

அவன் மூச்சை இழுத்து இழுத்துப் பேசினான்.

"ஐஸ் ரூம்ல நிக்கிற எங்களுக்கு ஏதுக்கா மெயிலு? அது மணியடிக்கிற பொட்டின்னு எங்கள்ல யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்போமே."

அவன் இன்னொரு மூச்சு இழுத்துக்கொண்டான்.

"உங்க பொறந்தநாளுக்கு வருஷா வருஷம் சாக்லேட் எடுத்துக்கிட்டுக் கீழ வர்றீங்க. இதுக்கும் ஒரு தடவை வந்திருக்கலாம்க்கா" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஸ்டானிமிரா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பார்வையாளர் நேரம் முடிந்து தாதி வந்து சொன்ன பிறகும் எழுந்திருக்கவில்லை.