நான் அஞ்சலில் சேர்க்காத உறை

என் அக்காவை அவளுடைய மகளிடமிருந்து இரண்டே முக்கால் ஆண்டு பிரித்து வைத்தவள் நான். தபால் தாமதம் என்று ஊரே நம்பியது. நம்பும்படி சொன்னவளும் நான்தான்.

இதுவரை இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்களுக்கு என்னைத் தெரியாது. அதனால் சொல்ல முடிகிறது.

எங்களுக்கு விக்கிரமங்கலம். அப்பா அடுத்தவர் வயலில் உழைத்துப் பிழைத்தவர். அக்கா செல்லம்மாளை மலேயாவில் ரப்பர்த் தோட்டத்து லாரி ஓட்டுநர் ஒருவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கப்பலேறிப் போனாள். அங்கே ஒரே மகள் பிறந்தாள், மலர்.

எழுபதுகளின் நடுவில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். பள்ளியிறுதி முடித்திருந்த நான் ஓராண்டு காலம் அப்பாவைத் தனியாகப் பார்த்துக்கொண்டேன். ஊட்டுவது, துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது... அந்த ஓராண்டில் நான் ஒரு பஸ்ஸில்கூட ஏறவில்லை.

பிறகு அக்கா வந்தாள். ஐந்து வயது மலரின் படிப்புக் கெடக்கூடாது என்று அவளை நாத்தனாரிடம் விட்டுவிட்டு, தனியாகக் கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கினாள்.

அக்காவுக்கு அந்த நாட்டில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை உண்டு. ஆனால் குடியுரிமை கிடையாது. இந்தியப் பாஸ்போர்ட், சிவப்பு நிற அடையாள அட்டை, அம்மை குத்திக்கொண்ட சான்று, இவற்றோடு மறுநுழைவு அனுமதி என்று ஒரு தாளும் வைத்திருந்தாள். அதில் போட்டிருக்கும் தேதிக்குள் திரும்பினால்தான் உள்ளே விடுவார்கள். தேதி தாண்டினால் சிவப்பு அட்டை இருந்தும் பயனில்லை.

அவள் திரும்ப நினைத்த கப்பலில் இடம் கிடைக்கவில்லை. அடுத்த கப்பலோ அனுமதி முடிந்த ஒன்பதாம் நாள். பயப்பட வேண்டாம், தேதி முடிவதற்குள் சென்னையில் உள்ள அந்நாட்டு அலுவலகத்துக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால் நீட்டித்துத் தருவார்கள் என்று நாகப்பட்டினத்து ஏஜெண்டு சொல்லி அனுப்பினார்.

விண்ணப்பத்தை நிரப்பியது நான். வீட்டில் ஆங்கிலம் படித்தவள் நான் ஒருத்திதானே!

அதே வாரம் எனக்கும் ஒரு கடிதம் வந்தது. பெரம்பலூரில் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. எங்கள் குடும்பத்தில் அதுவரை எவருக்கும் கிடைக்காத இடம். அக்கா கடிதத்தைக் கையில் வாங்கி மகிழ்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"இந்த வருசம் வேணாம் கமலா. நான் போயிட்டா அப்பாவ யாரு பாக்குறது? அடுத்த வருசம் சேந்துக்கலாம்."

அவள் சொன்னதில் தவறில்லை. அன்றும் எனக்கு அது தெரியும்.

மறுநாள் அக்காவின் உறையை எடுத்துக்கொண்டு அரியலூர் தலைமைத் தபால் ஆபீசுக்குப் போனேன். பையில் இன்னோர் உறையும் இருந்தது. பயிற்சியில் சேரச் சம்மதம் என்று அவளுக்குத் தெரியாமல் நான் எழுதியது. வரிசையில் நின்று, முதலில் என்னுடையதைப் பதிவுத் தபாலில் சேர்த்தேன். என் கையிலிருந்த மற்ற உறையை எழுத்தர் பார்த்தார்.

"அதுவும் ரிஜிஸ்தராம்மா?"

"இல்லைங்க" என்றேன்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். வாய் தவறி வந்தது என்றுதான் மனம் ஒவ்வொரு முறையும் சொல்கிறது. சரி... அதன்பின் பதினோரு நாள் அந்த உறை என் துணிப்பெட்டியின் அடியில் இருந்ததே! தினமும் அதைத் தொட்டுப் பார்த்தேனே! அதுவும் வாய் தவறியா?

அக்கா ரசீது கேட்டாள். என் உறையின் ரசீதைக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் கிறுக்கியிருந்த எழுத்தை அவள் விரலால் தடவிப் பார்த்தாள். சாமி படத்துக்கு அடியில் பத்திரமாக வைத்தாள்.

தேதி முடிந்த மறுநாள் அவள் உறையைத் தபாலில் சேர்த்தேன். பதில் வந்தது. அனுமதி காலாவதியாகிவிட்டது, கணவர் அங்கிருந்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்றிருந்தது. அதைப் படித்துச் சொன்னவளும் நானே.

"நீ அன்னிக்கே போட்டுட்டியே" என்றாள்.

"தபால் லேட்டாப் போயிருக்குக்கா."

அவள் என்னைச் சந்தேகிக்கவில்லை. ஒரு கணமேனும் சந்தேகித்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ... தெரியவில்லை.

கப்பல் அவள் இல்லாமல் போனது. அதற்கடுத்த வாரம் அப்பாவின் படுக்கையை உதறிப் போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "நான்தான் இங்க கெடக்கேனே. நீயாவது போய்ப் படி."

இந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன். இதையும் உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

பெரம்பலூரில் விடுதியில் தங்கி இரண்டாண்டு படித்தேன். விடுமுறை தோறும் ஊருக்கு வந்து அக்காவுக்காக மனு எழுதினேன். சென்னைக்கு, டெல்லிக்கு, மலேயாவில் அக்கா கணவரான மாமாவுக்கு. இம்முறை ஒன்றுகூடத் தவறாமல் தபாலில் சேர்த்தேன். எந்தத் தங்கச்சி இப்படி அலைவாள் என்று அக்கா பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். என் பயிற்சி முடிவதற்கு முன்பே அப்பா இறந்தார். கடைசி வாய்த் தண்ணீர் கொடுத்தவள் அக்கா.

இரண்டே முக்கால் ஆண்டு கழித்து அனுமதி வந்தது. சென்னையில் கப்பலேறினாள். போய்ச் சேர்ந்தவுடன் யாரையோ கொண்டு கடிதம் எழுதியிருந்தாள். மலர் நாத்தனாரை அம்மா என்கிறாளாம்; இவளை, விருந்தாளியைக் கேட்பது போல, "வாங்க, உக்காருங்க" என்கிறாளாம். பழகினால் சரியாகிவிடும் என்று முடித்திருந்தாள்.

சரியாகவில்லை.

எண்பதுகளின் கடைசியில் அக்காவும் மலரும் என்னைப் பார்க்க வந்தார்கள். அதற்குள் கப்பல் நின்றுபோயிருந்தது, விமானத்தில் வந்தார்கள். நான் ஆண்டிமடத்தில் ஆசிரியை. கணவர், இரண்டு பிள்ளைகள், சொந்த வீடு. மலருக்குப் பதினெட்டு வயது. ஒரு மதியம் அக்கா உள்ளே உறங்கிக்கொண்டிருந்தாள். நான் வறுத்த முந்திரியை உடைத்துக்கொண்டிருந்தேன். மலர் வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"சின்னம்மா, எங்கம்மா அப்ப வர முடியாமதான் இருந்தாங்களா? இல்ல, என்னை வேணாம்னு இங்கேயே இருந்துட்டாங்களா? நீங்க படிச்சவங்க, உண்மையச் சொல்லுங்க."

இதைவிட நேராக எவரும் என்னைக் கேட்டதில்லை.

"தபால் லேட்டாயிருச்சும்மா" என்றேன்.

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க" என்று எழுந்து போய்விட்டாள்.

அவள் நம்பவில்லை. தாய் தன்னை விட்டுவிட்டு இருந்ததற்குச் சொல்லும் சாக்கு என்றே பதின்மூன்று ஆண்டுகளாக நினைத்திருக்கிறாள். அக்கா ஒரு குற்றமும் செய்யாதவள் என்று அவளை நம்ப வைக்க உலகத்தில் ஒருத்தியால்தான் முடியும்... அந்த ஒருத்தி முந்திரி உடைத்துக்கொண்டிருந்தாள்.

அதன்பின் நான்கு நாள் அவர்கள் எங்கள் வீட்டில் இருந்தார்கள். நான் பள்ளிக்கு விடுப்புப் போட்டு அவர்கள் கூடவே இருந்தேன். சொல்லவில்லை.