மார்கழியில் மழைதான் பெய்யும்

என் மகள் செய்த குற்றம், மழை கொட்டிக்கொண்டிருந்தபோது மழை பெய்கிறது என்று எழுதியதுதான்.

மலாயாவுக்கு மெர்டேகா, அதுதான் சுதந்திரம், கிடைத்த வருஷத்தின் கடைசி அது. மலாக்காவில், காஜா பெராங் சடக்கை ஒட்டிய ஒரு பலகை வீட்டில் குடியிருந்தோம். மகளுக்கு எட்டு வயது. தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. வருஷக் கடைசிப் பரீட்சையில் வாத்தியார் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். அவர் சொன்னது, "மார்கழி மாதம். பனி பெய்கிறது." இவள் எழுதியது, "மார்கழி மாதம். மழை பெய்கிறது." தகரக் கூரை அதிர்ந்த சத்தத்தில் அவர் குரல் இவள் காதில் விழுந்ததோ இல்லையோ, எது பெய்ததோ அதை எழுதிவிட்டாள்.

வாத்தியார் என்னைக் கூப்பிட்டு விட்டார். இந்தியாவிலிருந்து வந்தவர், கெட்டவர் இல்லை. ஆனால் மெட்ராசில் அச்சான புத்தகத்தில் இருந்தால்தான் அவருக்கு அது உண்மை. "இது ஒண்ணு மட்டும் இல்லைம்மா. ழகரம் வாயில வரல. ரெண்டு சுழி ன எது, மூணு சுழி ண எதுன்னு தெரியல. கடன் வாங்கிக் கழிக்கச் சொன்னா முழிக்குது. இன்னொரு வருஷம் ரெண்டாம் வகுப்பிலேயே இருக்கட்டும்" என்றார்.

நான் விடவில்லை. ஒற்றைக்காலில் நின்றேன். லீவு முடிந்து பள்ளி திறக்கும் அன்றைக்கு மறுபடி ஒரு தரம் எழுதவைத்துப் பாருங்கள் என்று கேட்டேன். பாவம், என் தொல்லை தாங்காமல் சரி என்றார்.

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு கதை காத்திருந்தது. என் வீட்டுக்காரருக்குத் தார் ஊற்றிச் சடக்கு போடும் வேலை. மழைக்காலத்தில் அது அரைகுறைதான். பக்கத்தில் செங் என்ற ஊரில், ரப்பர் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டில் கைக்குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ள ஒரு பெண் பிள்ளை வேண்டுமாம். அங்கேயே தங்க வேண்டும், அங்கேயே சாப்பாடு.

வாத்தியார் சொன்னதை நான் சொல்லக் கேட்டுவிட்டு, "நான் சரின்னுட்டேன்" என்றார்.

"யாரைக் கேட்டுச் சரின்னீங்க?"

"யாரைக் கேக்கணும்? நாள் பூரா பக்கத்து வூட்டுப் பிள்ளைங்களோட மலாய்ல வாயடிக்குது. எழுத்து ஏறல. ரெண்டாம் வகுப்பையே ரெண்டு தரம் படிக்கவா? நீயும்தான் ரெண்டாம் வகுப்போட நின்ன. கெட்டா போயிட்ட?"

எனக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. கெட்டுத்தான் போனேன், அவருக்கு எங்கே தெரியப்போகிறது? நான் பிறந்த தோட்டத்தில் என்னை இரண்டாம் வகுப்போடு நிறுத்தி, கங்காணி வீட்டுக் குழந்தையை இடுப்பில் ஏற்றிவிட்டார்கள். இடுப்பு மரத்துப்போகும். எதிரே பள்ளிக்கூடக் கொட்டகையில் என் கூட்டாளிப் பெண்கள் மூன்றாம் வாய்ப்பாடு சொல்லுவார்கள். அந்தக் குழந்தையைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும் போல இருக்கும். ஓடினதில்லை.

"நாட்டுக்கே மெர்டேகா கொடுத்தாச்சு. என் பிள்ளைக்கு மட்டும் ஆயா வேலையா?" என்று கத்தினேன். அவர் அசையவில்லை. கோபத்தில் வார்த்தை வந்து விழுந்துவிட்டது. "பள்ளி திறக்குற அன்னிக்கு அய்யா முன்னாடி எழுதுவா. தேறலன்னா நானே கொண்டுபோய்க் கிராணி வூட்டுல விட்டுட்டு வர்றேன். போதுமா?"

"போதும்" என்று சொல்லிவிட்டு அவர் கோப்பி குடிக்கப் போய்விட்டார்.

இரண்டாம் வகுப்புப் பாடம் அத்தனையும் எனக்குத் தெரியும். அதற்கு மேல் ஓரெழுத்து கேட்டாலும் திருதிருவென்று முழிப்பேன். நல்லவேளையாக அவளுக்கு வேண்டியிருந்தது இரண்டாம் வகுப்புதான். அடுப்பங்கரைப் பலகைச் சுவரில் கரியால் எழுதவைத்தேன். மழைச்சாரல் பட்டுப் பட்டு எழுத்து வழிந்துவிடும். வழிந்தால் மறுபடி எழுது என்றேன். எழுதி எழுதி அவள் விரலும் கரி, மூக்கும் கரி. மெர்டேகாவுக்குப் பள்ளியில் அவள் வர்ணம் தீட்டிக் கொண்டுவந்த காகிதக் கொடி பக்கத்தில் ஒட்டியிருந்தது, அதிலும் கரி.

கடன் வாங்கிக் கழிக்க ரம்புத்தான் கொட்டை. ஒவ்வொரு சிரட்டையிலும் பத்துக் கொட்டை. கைவசம் உள்ள சில்லறைக் கொட்டை போதவில்லையா, ஒரு சிரட்டையைக் கவிழ்த்துக் கொட்டு. "இதுதாண்டி கடன், வேற ஒரு மாயமும் இல்ல" என்றேன். அவளுக்குக் கவிழ்க்கிற சத்தம் பிடித்துப்போய், வேண்டாத கணக்குக்கெல்லாம் கவிழ்த்தாள். ஒரு குட்டு வைத்தேன். பிறகு சரியானது.

ழகரம்தான் உயிரை வாங்கியது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது 'மளை'தான், எனக்கும்.

"நாக்கை மடிடி."

"மடிச்சா எச்சி வருதும்மா."

"வரட்டும். எச்சி வந்தாலும் ழ வரணும்."

இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து ழ, ழ என்று வழிந்துகொண்டிருந்தோம். பார்க்கிறவன் இரண்டுக்கும் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பான். நினைக்கட்டுமே.

கடைசியாக அந்தப் பனிப் பாடத்துக்கு வந்தோம். அவள் புத்தகத்தைப் பார்த்தாள், வெளியே பார்த்தாள். சடக்கோரச் சாக்கடைக் காணில் தண்ணீர் பொங்கி ஓடிக்கொண்டிருந்தது.

"பனி எங்கம்மா பெய்யுது?"

"காலையில புல்லு மேல ஈரமா இருக்கும்ல, அதான்."

"அது பெய்யாதும்மா. சும்மா உக்காந்திருக்கும்."

பிள்ளை சொல்வதில் என்ன தப்பு? எந்த ஊர்ப் பனிக்காகவோ இவள் தன் கண்ணால் பார்க்கிற மழையை முழுங்க வேண்டுமா? எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. "புஸ்தகத்துல பெய்யுது. அவங்க கேட்டா அதை எழுது. உன் கண்ணு பார்த்ததையும் மறக்காத. ரெண்டும் உனக்குத் தெரியணும், ஒருத்தரும் உன்னை மடக்கக் கூடாது" என்றேன்.

அவள் சுவரில் எழுதினாள். 'பணி பெய்கிறது.'

பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. "அடிப்பாவி! மூணு சுழி போட்டா அது வேலைக்குப் போற பணி. உனக்கு அது வேணாம். ரெண்டோட நிறுத்து."

அன்று முழுக்க அந்த ஒரே சொல்லைத்தான் எழுதினாள். அடுப்பங்கரை பூராவும் பனி. வீட்டுக்காரர் தட்டோடு வந்து, சாய்ந்து உட்கார இடமில்லாமல் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்.

பள்ளி திறந்த அன்று மார்கழி இன்னும் முடியவில்லை. விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. வருகிற வழியில் காற்றில் குடை மேல்பக்கமாகத் திரும்பி, முழங்கால் வரை நனைந்துபோய் வாத்தியார் மேசை முன்னால் நின்றோம்.

கழித்தல் கொடுத்தார். கொட்டையும் சிரட்டையும் இல்லாமலே போட்டாள். வாசிக்கச் சொன்னார், வாசித்தாள். "எழுது" என்றார். "மார்கழி மாதம். பனி பெய்கிறது." நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். ரெண்டு சுழி.

சிலேட்டை வாங்கிப் பார்த்தார். பேசாமல் விட்டிருக்கலாம். "ம், அன்னிக்கு ஏன் மழைன்னு எழுதினே?" என்று கேட்டார்.

"அன்னிக்கு மழைதான் அய்யா பேஞ்சுச்சு. இன்னிக்கும் மழைதான் பெய்யுது. பனி புஸ்தகத்துல பெய்யுது."

ழகரம் அட்சர சுத்தமாக விழுந்தது. எனக்குப் பூரிப்பு தாங்கவில்லை. வாத்தியார் முகம்தான் கறுத்துவிட்டது. "புத்தகத்தையே எதிர்த்துப் பேசுறியா?" என்று சிலேட்டைக் கீழே வைத்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். பயத்தில் வாய் மூடிக்கொள்ளும் என்பார்கள், எனக்குத் திறந்துகொண்டது.

"அய்யா, அவ நீங்க சொன்னதை எழுதிட்டா. நீங்க கேட்டீங்க, பார்த்ததையும் சொல்லிட்டா. இந்தக் குடையைப் பாருங்க. பனியிலயா இப்படி நனைஞ்சிருக்கு?"

குடையிலிருந்து வழிந்த தண்ணீர் மேசைக்கு அடியில் ஓடி அவர் காலில் போட்டிருந்த சப்பாத்தை நனைத்துக்கொண்டிருந்தது. அவர் குனிந்து பார்த்தார். ஒரு காலைத் தூக்கினார், பிறகு மற்றொரு காலையும் தூக்கினார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் மூக்கைச் சொறிந்தார்.

"எழுத்து மூணாம் வகுப்பு. வாய் ஆறாம் வகுப்பு. போ, அந்தப் பக்கம் போய் உட்காரு" என்றார்.

வீட்டுக்கு நான் மட்டும் திரும்பினேன். வாசலில் வீட்டுக்காரர், கையில் ஒரு துணி மூட்டை. அவள் கவுன்களை மடித்துத் தயாராகக் கட்டி வைத்திருந்தார். என் பின்னால் பிள்ளையைத் தேடினார்.

நான் மூட்டையை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

"கிராணி வூட்டுல போய்ச் சொல்லிடுங்க. என் மகளுக்கு நேரமில்லையாம். மூணாம் வகுப்புல பாடம் நிறைய."