எட்டு கே-பியும் ஸ்டீபனும்

பெட்டியை ஓட்டும் அடிப்படை சாஃப்ட்வேரான கெர்னல், இருக்கவேண்டியதைவிட எட்டு கே-பி பெரிதாக இருந்தது. பெட்டியில் இருந்த ஃபிளாஷ் மெமரியோ தன் அளவுக்கு மேல் ஒரு பைட்கூடக் கொள்ளாது. தேயிலைத் தொழிற்சாலையில் தராசுகள் காட்டும் எடையை சீரியல் கேபிள் வழியே வாங்கிப் பதிகிற பெட்டி அது. தொண்ணூறுகளின் கடைசியில் திருவனந்தபுரத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் அதற்கு சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தோம்.

“ரமணி, வெள்ளியாழ்ச்சைக்குள்ள இது ஃபிளாஷ்ல கேறணும். எப்படின்னு எனக்கு அறியாது” என்றார் மலையாளம் கலந்து தமிழ் பேசும் மேனேஜர்.

எனக்கு வழி தெரியும். ஹெடர் ஃபைல்களில் ஏகப்பட்ட இன்லைன் ஃபங்ஷன்கள். ஒன்றை எழுபது இடத்தில் அழைத்தால் கம்பைலர் அதன் கட்டளைகளை எழுபது இடத்திலும் படியெடுத்து ஒட்டும். அதைத் தூக்கி லைப்ரரியில் ஒரே பிரதியாக வைத்தால், மற்ற இடங்களில் அதை அழைக்கும் சின்னக் கட்டளை மட்டும் மிஞ்சும். இரண்டு நாள் உட்கார்ந்து, ஒன்றையும் விடாமல் வாரி லைப்ரரியில் போட்டேன். கெர்னல் பதினொரு கே-பி இளைத்தது. மேசையில் ஒரு தராசை மாட்டிப் பார்த்தேன், சரியாக ஓடியது. அன்று பஸ்ஸை விட்டுவிட்டு ஸ்ரீவராகம் வீட்டுக்கு ஆட்டோவில் போனேன், அவ்வளவு பெரிய கெட்டிக்காரி.

தராசுகள் அனுப்பும் எழுத்துகளை ஒவ்வொன்றாக வாங்கும் சீரியல் டிரைவரை எழுதியவன் ஸ்டீபன். பாறசாலைக்காரன், ஆறு மாத கான்ட்ராக்ட். பெட்டி ஓடினால் வேலை நிரந்தரம் என்று பேச்சு. அதை நம்பிக் கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தான்.

பொன்முடிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் சோதனை. அங்கே நான்கு தராசுகள் ஒரே நேரத்தில். 18.5 கிலோ கொழுந்தை வைத்தால் பெட்டியில் 1.5 என்று விழுந்தது, நடுவிலிருந்த 8 தொலைந்திருந்தது. “காலைலேர்ந்து பறிச்சதுக்கு இவ்வளவுதானா சார்?” என்று கொழுந்து பறிக்கிற ஒரு அம்மாள் கேட்டாளாம்.

திரும்பி வந்ததும் மேனேஜர், “அக்ஷரம் போகுதுன்னா டிரைவர் சரியில்ல. வேற எந்தா?” என்றார்.

ஸ்டீபன் என்னைப் பார்த்தான். “நான் டிரைவரத் தொடவே இல்ல அக்கா. போன மாசம் நாலு தராசுலயும் நல்லா ஓடிச்சு, கேட்டியளா.”

“பாக்கலாம்” என்றேன். என் மாற்றத்தின்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அதே ஃபங்ஷன்தானே, இடம்தானே மாறியது. மாதக் கடைசியில் கம்பெனி அவனுடைய கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, லிங்கர் எதை எங்கே வைத்திருக்கிறது என்று காட்டும் மேப் ஃபைலைப் புரட்டும்போதுதான் தப்பு என்னுடையது என்று தெரிந்தது. எழுத்து வந்த நொடியே ஓடவேண்டிய தன் இன்டரப்ட் ஹேண்ட்லரை ஸ்டீபன் வேகமான ரேம் மெமரியில் வைத்திருந்தான். வந்த எழுத்தை பஃபரில், அதாவது தற்காலிகச் சேமிப்பில், போடும் ஃபங்ஷன் இன்லைனாக இருந்தவரை அதுவும் ரேமிலேயே இருந்தது. நான் லைப்ரரிக்கு மாற்றியதும் மெதுவான ஃபிளாஷுக்குப் போய்விட்டது. ஒரு தராசு என்றால் சமாளித்தது; நான்கும் சேர்ந்தபோது ஓர் எழுத்தை எடுத்து வைப்பதற்குள் அடுத்தது வந்து அதை அழித்தது.

மேனேஜரிடம் சொன்னேன். “இனி பறஞ்சிட்டு எந்தா காரியம்? அந்த போஸ்ட்டே இப்ப இல்லல்லோ” என்றார். அந்த ஒரு ஃபங்ஷனை மட்டும் மறுபடி இன்லைன் ஆக்கினேன். நான்கு தராசும் ஓடின.

ஸ்டீபன் வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்கு போன் போட்டு அவனை லைனுக்கு வரவழைத்தேன். கல்யாணம் நின்றுபோயிருந்தது. நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

“அத நான் வேணும்னுதான் அக்கா இன்லைன்ல வச்சது. ஒரு வார்த்த கேட்டிருந்தியள்னா சொல்லியிருப்பேனே.”

அளவைக் குறைக்க உட்காரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இன்னொருவர் எழுதியதை இடம் மாற்றுமுன், ஏன் அங்கே வைத்தார் என்று அவரையே கேளுங்கள். ஸ்டீபன் என் அடுத்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான்.